சிகாகோ சுண்டெலியும் நம் பால்கோவாவும்



ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, கடை வாசலில் நின்றுகொண்டே ஒருவர் போனை நீட்டுகிறார். பால் கொழுப்பு குடலைப் புண்ணாக்கும், அமெரிக்காவில் எலிக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் இருக்கிறது. அரைக் கிலோ கேட்டவர் கால் கிலோ போதும் என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?”

வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவச் செய்திகள் பலவற்றுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. இதற்குத் தலை இருக்கிறது. உடம்பைத்தான் வழியில் யாரோ கழற்றிவிட்டார்கள். 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சுசான் தேவ்கோட்டா, யூஜின் சாங் குழுவினர் செய்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. சுண்டெலிகளுக்கு மூன்று விதமாகத் தீனி போட்டார்கள். ஒரு கூட்டத்துக்குக் கொழுப்பு குறைவு. இன்னொன்றுக்குக் குசும்பா எண்ணெய். மூன்றாவதற்குப் பால் கொழுப்பு. எண்ணெய்க் கூட்டமும் பால் கூட்டமும் தின்ற தீனியில் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வந்தது. பால் கொழுப்பு தின்றவற்றில்தான் பெருங்குடல் அழற்சி மற்ற இரண்டு கூட்டங்களைவிட அதிகமாக வந்தது. இதுவரை செய்தி உண்மைதான்.

ஆனால் அழற்சி கண்ட சுண்டெலிகள் சாதாரணச் சுண்டெலிகள் அல்ல. பிறவியிலேயே ஒரு மரபணு எடுக்கப்பட்டவை. அதே பால் கொழுப்பைத் தின்ற சாதாரணச் சுண்டெலிகளுக்கு அந்த நோய் வரவில்லை. போனில் வந்த செய்தியில் இந்த ஒரு வரி இல்லை. இந்த வரி இல்லாவிட்டால் மீதிக்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

எடுக்கப்பட்டது எந்த மரபணு என்று பார்த்தால்தான் கதை விளங்கும். நம் ராஜபாளையத்து மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: ஓடும் இயந்திரத்தில் இழை அறுந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கும். அது பழுதானால் இயந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் சரக்கு பாழ். குடலில் அந்த நிறுத்தும் வேலையைச் செய்கிற புரதங்களில் ஒன்று இன்டர்லூக்கின்-10. கிருமியைக் கண்டு சண்டைக்கு எழும் வெள்ளணுக்களை ‘போதும், அடங்கு’ என்று அடக்குவது அதுதான். அதைச் செய்யும் மரபணுவைத்தான் அந்தச் சுண்டெலிகளில் எடுத்திருந்தார்கள்.

1993இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கிளாஸ் ராஜெவ்ஸ்கி குழுவினர் இந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் குடல் தானாகவே அழன்றது. யாரும் மருந்து கொடுக்கவில்லை, நஞ்சு கொடுக்கவில்லை. அதே ஆண்டு வேறு இரண்டு குழுக்களும், நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட வேறு வேறு மரபணுக்களை எடுத்துவிட்டு, குடல் அழற்சியில்தான் போய் நின்றன. உடம்பில் எத்தனையோ உறுப்பு இருக்க, காவல் ஏற்பாடு கெட்டதும் முதலில் தீப்பிடித்தது குடல். கோடானுகோடிக் கிருமிகளோடு இரவும் பகலும் ஒரே வீட்டில் குடியிருக்கும் உறுப்பு அதுதானே.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை, ஒரு கிருமிகூட இல்லாத மூடிய கூண்டில் பிறக்கவைத்து வளர்த்தார்கள். காற்று வடிகட்டியது, தீனி கிருமி நீக்கியது. 1998இல் வடக்குக் கரோலினாவில் ஆர். பால்ஃபோர் சார்டர் குழு வெளியிட்ட முடிவு: குடல் அழற்சி வரவே இல்லை. நிறுத்தும் ஏற்பாடு பழுதுதான். ஆனால் கிருமி இல்லை, நோயும் இல்லை. பிறகு சாதாரணக் குடல் கிருமிகளை உள்ளே விட்டதும் குடல் அழன்றது. அவை ஊரைக் கொல்லும் காலராக் கிருமிகள் அல்ல. நம் எல்லோர் வயிற்றிலும் சும்மா இருக்கிற வகைகள்.

ஆக, உடம்பில் ஒரு குறை, குடலில் கிருமிக் கூட்டம், அந்தக் கூட்டத்தின் சமநிலையைக் கலைக்கிற ஒரு வெளித்தூண்டல், மூன்றும் ஒன்றுகூடும்போது குடல் அதிகமாகப் புண்ணாகிறது. சிகாகோ சுண்டெலிகளில் பால் கொழுப்பு அந்த மூன்றாவது ஆள். அதுவும் நேரடியாக அல்ல. பால் கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்தநீரில் கந்தகம் கலந்த டாரின் சேர்ந்த பித்த உப்பு அதிகமாகிறது. அந்தக் கந்தகத்தைத் தின்று கொழுக்கும் ‘பைலோஃபிலா’ என்றொரு கிருமி பெருகுகிறது. அதைக் கண்டு அடங்காத வெள்ளணுக்கள் குடலையே தாக்குகின்றன. கொழுப்பு குறைந்த தீனியோடு அந்தப் பித்த உப்பை மட்டும் கொடுத்தாலும் இதே விளைவுதான். குற்றவாளி என்று பாலை மட்டும் நிறுத்தி வைக்க முடியாது.

ஆகவே கடைக்கார வாசகருக்கு என் பதில்: அந்தச் சுண்டெலிக்குத் தினமும் வேறு எதுவும் இல்லாமல் பால் கொழுப்புத் தீனிதான். நம் பால்கோவா பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சியது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஊருக்கு வந்தவர் கால் கிலோவை வீட்டோடு பங்கு போட்டுத் தின்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். அதற்காகத் தினமும் காலையில் இலை நிறையத் தின்னுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்குச் சிகாகோவிலிருந்து சாட்சி கூப்பிட வேண்டியதில்லை. எதிர் வீட்டிலேயே இருக்கிறது.

சுண்டெலியைப் பார்த்து மனிதனுக்கு முடிவு சொல்வதில் பெரிய ஆராய்ச்சியாளர்களே அடி வாங்கியிருக்கிறார்கள். இன்டர்லூக்கின்-10 இல்லாததால் நோய் என்றால், அதையே ஊசியில் ஏற்றினால் குணமாக வேண்டும் அல்லவா? குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த முடிவுகள் சப்பென்று போயின. இன்டர்லூக்கின்-17 என்ற வேறொன்று அழற்சியைத் தூண்டுகிறது என்று நம்பி அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு நோய் இன்னும் மோசமானது. 2012இல் வெளிவந்த முடிவுகளோடு அந்த வழி மூடப்பட்டது. சொரியாசிஸ் என்கிற தோல் நோய்க்கு அதே மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பது வேறு விஷயம்.

குரங்கு ஒன்று கொடுத்த பதில் மட்டும் பலித்தது. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் வாழும் காட்டன்-டாப் டாமரின், ஒரு கைக்குள் அடங்கும் சின்னக் குரங்கு, தலையில் வெள்ளை முடி சிலிர்த்து நிற்கும். ஆராய்ச்சிக்காகவும் வளர்ப்புக்காகவும் ஆயிரக்கணக்கில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கூண்டில் இருந்தவற்றுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது, சிலவற்றுக்குப் புற்றுநோயாகவும் மாறியது. யாரும் மரபணுவைத் தொடவில்லை, எதையும் ஊட்டவில்லை. சொந்தக் காட்டில் இருக்கும் கூட்டங்களைப் போய்ப் பார்த்தபோது இந்தத் தொல்லை அப்படி இல்லை. கூண்டுச் சூழலின் அழுத்தம்தான் நோயைத் தொடங்கிவைக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தக் குரங்குகளில்தான், வெள்ளணுக்கள் குடல் சுவருக்குள் நுழையும் வாசலை அடைக்கும் ஒரு மருந்தை 1990களில் சோதித்தார்கள், குடல் ஆறியது. அதன் மனித வடிவம்தான் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெடோலிசுமாப். இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

அந்தக் குரங்கினம் இப்போது அழியும் விளிம்பில் இருக்கிறது. 1988இலேயே மேற்கு மலையடிவாரத்தைச் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கிய ஊர்க்காரன் நான். எனக்கு இந்த வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது உண்மை.

‘ராஜபாளையம் நாய்க்கு இந்த நோய் வருமா?’ என்று இந்தப் பக்கத்தைப் படித்ததும் யாராவது கேட்பீர்கள். 2005இல் அஞ்சல் தலையில் ஏறிய நம் வெள்ளை நாயை விட்டுவிட்டு நம் ஊரில் எந்தப் பேச்சும் முடியாது. நாய் எந்த இனமானாலும் நாள்பட்ட குடல் அழற்சி வரலாம். இதில் பாக்சர் நாயின் கதை அருமையானது. அந்த இனத்தில் இளம் நாய்களுக்கு ரத்தமும் சளியுமாகப் போகும் ஒரு பெருங்குடல் நோய் வரும். 1965இலேயே பதிவானது. உடம்பு தன்னையே தாக்குகிறது என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். பல நாய்களைக் கருணைக் கொலை செய்யவும் வேண்டியிருந்தது. பிறகு ஒரு சாதாரண ஆன்டிபயாடிக்கில் பல நாய்கள் தேறின. 2006இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் சிம்ப்சன் குழு குடல் சுவரைக் கூர்ந்து பார்த்தபோது, உள்ளே ஈ. கோலைக் கிருமி குடிபுகுந்திருப்பது தெரிந்தது. அந்த இனத்துக்கு அது அதிகம் வருவதால், குறுகிய ரத்த உறவுக்குள் கலந்து வந்த பரம்பரைக் குறையும் கூடவே இருக்கிறது என்கிறார்கள். நாய் வளர்ப்பவர்கள் சேர்க்கை போடும்போது ஒரே வீட்டு ரத்தத்தைத் திரும்பத் திரும்பக் கலக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கிடைத்த சாக்கு இது. நாய் சளியும் ரத்தமுமாகப் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

இனி நம் மனிதர்களுக்கு வருவோம். இந்தக் குடல் அழற்சி நோய் மேல்நாட்டுக்காரனுக்கு வருவது என்றுதான் ரொம்பக் காலம் எண்ணியிருந்தோம். பெருங்குடலில் மட்டும் புண்ணாகும் அல்சரேடிவ் கொலைட்டிஸ், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும் குரோன்ஸ் என்று அதில் இரண்டு பெரும் பிரிவு. 2003இல் லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்ததில் லட்சத்துக்கு 44 பேருக்கு முதல் வகை இருந்தது. அரிதான நோய் என்று ஒதுக்கும் எண்ணிக்கை அல்ல. மேல்நாட்டில் குரோன்ஸுக்குக் காரணம் என்று 2001இல் கொண்டாடப்பட்ட நாட்-2 என்ற மரபணுவின் மாற்றங்கள் நம் ஆட்களிடம் இருக்கிறதா என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தேடினார்கள். 2008இல் வந்த விடை: அந்த மூன்று பொதுவான மாற்றங்களும் நம் நோயாளிகளிடம் இல்லை. இயந்திரம் பழுதானது உண்மை, பழுதான இடம் வேறு.

வேலூர்க்காரர்களை இந்த விஷயத்தில் நம்பலாம். செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960களிலேயே வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கொள்ளை நோயாகப் பரவிய ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தவர்கள். நோயே இல்லாத கிராமத்தாரின் சிறுகுடலும் மேல்நாட்டுப் பாடப் புத்தகப் படத்தில் இருப்பதுபோல் இல்லை என்று கண்டவர்கள். நம் தண்ணீரும் நம் மண்ணும் குடலின் மீது தங்கள் கையெழுத்தைப் போட்டிருந்தன.

நம் நாட்டு மருத்துவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: குடல் காசநோய். அதுவும் குரோன்ஸும் குழாய் விட்டுப் பார்த்தாலும், துண்டு எடுத்துச் சோதித்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் குரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் காசநோயாளிக்குக் கொடுத்தால் நோய் உடம்பெல்லாம் பரவலாம். வேலூரில் இந்த இரண்டையும் துண்டுத் திசுவில் பிரித்தறியும் வழிகளை 1990களிலேயே தேடியிருக்கிறார்கள். கூண்டுச் சுண்டெலியில் இந்தக் குழப்பமே கிடையாது. அதற்குக் காசநோய் வந்த அத்தை இல்லை.

தூண்டல் என்று முன்பு சொன்னேனே, அதில் உணவின் பங்கைப் பற்றிச் சுண்டெலிகள் இன்னும் இரண்டு சாட்சிகள் சொல்லியிருக்கின்றன. 2016இல் மகேஷ் தேசாயும் எரிக் மார்ட்டென்ஸும் நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டார்கள். தின்ன நார் கிடைக்காத குடல் கிருமிகள் குடல் சுவரின் மேல் பூசியிருக்கும் சளிப் படலத்தையே அரித்துத் தின்றன. படலம் மெலிந்ததும் வெளியிலிருந்து வந்த கிருமி சுலபமாக உள்ளே புகுந்தது. 2015இல் பெனுவா ஷாசெங், ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் குழுவினர், பாக்கெட் உணவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் இரண்டு வகைக் குழைப்பு ரசாயனங்களைக் கொடுத்தார்கள். சாதாரணச் சுண்டெலிக்கு லேசான அழற்சி; ஏற்கெனவே குறை உள்ள சுண்டெலிக்குப் பெருங்குடல் நோயே வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவிலும் பேக்கரி கேக்கிலும் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்கள் அவை. பால்கோவாவைக் கண்டு பயந்தவர் அந்தக் கேக்கை வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்பது என் யூகம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோற்றை ஆற விட்டால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைச் செய்யும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவே அதுதான். வில்லியம் ரோடிகர் 1980இலேயே அல்சரேடிவ் கொலைட்டிஸை அந்தச் செல்களின் பசி என்று சொல்லிப் பார்த்தார். செரிக்காத மாவுச்சத்தைக் காலராவுக்குத் தரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரோடு கலந்து கொடுத்தால் பேதி சீக்கிரம் குறைகிறது என்று வேலூரின் பி. எஸ். ராமகிருஷ்ணா 2000இல் காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு தந்து பார்க்கும் ஆய்வு அரசு ஆதரவில் தொடங்கியதும் இந்த வழியில்தான். உடனே ‘பழைய சோறு குரோன்ஸைக் குணமாக்கும்’ என்று போனில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஆய்வே.

இரண்டாவது கடிதம் ஒன்றும் இருக்கிறது. மருந்தியல் படிக்கும் மாணவி, நம் பக்கத்துப் பெண்தான். “சார், எலிக்குக் குடிக்கிற தண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்பேட் கலந்து கொடுப்பார்கள். ஒரு வாரத்தில் ரத்தமாகப் போகும். எடை குறையும். முடித்ததும் கொன்று, பெருங்குடலை எடுத்து ஸ்கேல் வைத்து அளப்போம். எவ்வளவு சுருங்கியிருக்கிறதோ அவ்வளவு நோய். இதைப் பற்றி எழுதாமல் மேலே மேலே கண்டுபிடிப்பு என்று எழுதுகிறீர்களே” என்கிறார். நியாயமான கோபம். அந்த முறை 1990இல் ஜப்பானில் வகுத்தது, உலகம் முழுக்க இன்றும் அதுதான்.

விலங்கு வதை பற்றிய இந்தக் கவலை நமக்குப் புதிதல்ல. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், நடனத்துக்குக் கலாக்ஷேத்ராவைக் கட்டியவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் 1960இன் விலங்கு வதைத் தடைச் சட்டம் பிறந்தது. சோதனைகளை முழுக்கத் தடுக்க அது முன்வரவில்லை. ஆனால் மயக்க மருந்து வேண்டும், புத்தகமோ மாதிரியோ போதுமான இடத்தில் விலங்கு கூடாது, சின்ன விலங்கில் முடியும் சோதனைக்குப் பெரிய விலங்கு கூடாது என்றெல்லாம் எழுதிவைத்தது. 1998 விதிகளின்படி, விலங்குச் சோதனை செய்யும் நிறுவனங்களில் நெறிக்குழு ஒன்று ஒவ்வொரு சோதனைக்கும் முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். விலங்குக்கு மாற்று வழிகளும் பிறந்தன. 2009இல் நெதர்லாந்தில் தோஷிரோ சாடோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் குடலின் குட்டி உருவத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். நம் அரசும் 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, விலங்கு இல்லாத முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தட்டில் சுற்றுப்புறக் கிருமிகளும் நரம்பும் ரத்தமும் முழுதாகச் சேரும்வரை சுண்டெலியை அப்படியே விட்டுவிட முடியாது என்பது என் கணிப்பு. அதே நேரம், படித்துப் பட்டம் வாங்க எண்ணிக்கை காட்டுவதற்காக ஒரே சோதனையைத் திரும்பச் செய்கிற வழக்கத்துக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. மாணவியே, நீங்கள் பெருங்குடலை அளக்கும்போது உங்கள் மனம் ஒருதரம் தயங்கினால் அது இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது நோயாளிகளுக்கு. பேருந்து நிலையச் சுவரெல்லாம் ‘மூலம், பௌத்திரம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மலத்தில் ரத்தம் கண்டதும் அதுதான் என்று நினைத்து அங்கே போய்விடுகிறோம். நாலைந்து வாரமாக ரத்தமும் சளியும் போகிறது, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிறது, எடை குறைகிறது, காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது என்றால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். கூச்சம் வேண்டாம். சத்திரப்பட்டித் தறியில் நெய்த, காயத்துக்குக் கட்டும் துணியைப் பார்த்தே வளர்ந்த நம்மால் இதைப் பேச முடியாதா?

அடுத்த இதழில் குடல்நோய் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். அனுப்பும்போது வயது, எத்தனை வாரமாகத் தொந்தரவு, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளியிட மாட்டோம். மாதம் 20ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் நல்லது. அதற்குப் பிறகு வந்தால் அதற்கடுத்த இதழ்தான்.

அன்புடன்,
ஆசிரியர்